கிணற்றில் பதிவேட்டைப் போட்டவன் நானில்லை

பிள்ளை,

உன் புத்தகத்தைப் போன புதன்கிழமை வாசித்து முடித்தேன். அச்சுக்குப் போக முதல் நீ கொண்டுவந்து தந்த தாள்கட்டு குசினி மேசையில் என் முன்னால் கிடக்கிறது. "அப்பா, பிழை ஏதும் கண்ணில பட்டால் கோடு போட்டு வையுங்கோ, செவ்வாய்க்கிழமை நான் திருப்பி அனுப்போணும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் சிரித்தேன். டோர்வலில் விமானத்துச் சாப்பாட்டுத் தட்டுக் கழுவி இருபத்திரண்டு வருசம் வேலை செய்தவன், சீனத்து வரலாற்றில் என்ன பிழை பிடிக்கப் போகிறேன்? ஆனால் ஒரு பிழை இருக்கிறது. முன்னுரையில், இரண்டாம் பக்கத்தில். பென்சிலை எடுத்து அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன், கோடு போட முடியவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா கோயிலுக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்கிடையில் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று இருக்கிறேன்.

மொன்றியலுக்கு வந்த புதிதில் வகுப்பில் படித்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பக்கமாக, அகராதியோடுதான் வாசித்தேன். மஞ்சுக்காரர் யார் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பெருஞ்சுவருக்கு வடக்கே குதிரையேறி வில் பிடித்த சிறிய சனம் ஒன்று, அவ்வளவு பெரிய சீனாவை எப்படிப் பிடித்தது என்பதுதான் உன் கேள்வி. மிங் அரசின் தலைநகரைக் கலகக்காரர் பிடிக்கிறார்கள், அரசர் தூக்குப் போட்டுச் சாகிறார், சுவரின் வாசலைக் காத்து நின்ற சேனாதிபதியே கதவைத் திறந்து மஞ்சுக்காரரை உள்ளே விடுகிறான். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீ விரிவாக எழுதியிருக்கிறாய். பெரிய சேனாதிபதிகளை விட்டுவிட்டு, தெற்கே இருந்த சின்னச் சின்ன ஊர்களின் உத்தியோகத்தர்களைப் பற்றி எழுதியிருக்கிறாய். மிங் அரசிடம் சம்பளம் வாங்கியவர்களே ஊர் வாசலுக்கு வெளியே வந்து, குடும்பப் பதிவேடுகளையும் நிலப்படங்களையும் புது ஆட்களிடம் இரண்டு கையாலும் நீட்டினார்கள் என்று எழுதியிருக்கிறாய். முதலில் பணிந்தவனை அடுத்த ஊருக்கு அனுப்பி, 'நான் கொடுத்துவிட்டேன், எனக்கு ஒன்றும் நடக்கவில்லை, நீயும் கொடு' என்று சொல்ல வைத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அம்மா, "என்னப்பா, தலை சுத்துதோ?" என்று கேட்டார். "எழுத்துச் சின்னனாக் கிடக்கு" என்றேன்.

பிறகு அந்தத் தலைமயிர்க் கட்டளை. பத்து நாளுக்குள் ஆண்கள் எல்லாரும் முன்மண்டையை மழித்து, பின்னால் மஞ்சுக்காரரைப் போல ஒற்றைப் பின்னல் போட வேண்டும், மயிர் இருந்தால் தலை இருக்காது, தலை வேண்டுமென்றால் மயிர் இருக்கக்கூடாது என்று ஊர் ஊராக எழுதி ஒட்டினார்கள். பதிவேட்டைப் பேசாமல் கொடுத்த ஊர்களே அதற்குப் பிறகு கிளம்பின. அப்படி ஒரு ஊரில், அந்த வரியைப் பிரதி எடுக்கச் சொன்னபோது, ஒரு சாதாரண எழுத்தர் தூரிகையை நிலத்தில் வீசி எறிந்துவிட்டு எழும்பினான். அந்த ஊர் எண்பது நாள் நின்றுபிடித்து, கடைசியில் அநேகமாக எல்லாரும் வெட்டுப்பட்டார்கள். இந்த எழுத்தரைப் பற்றித்தான் உன் முன்னுரை தொடங்குகிறது. 'இவரைப் பற்றி முதன்முதலாக வாசித்தபோது எனக்கு என் அப்பா நினைவுக்கு வந்தார். அவரும் ஒரு சிறிய உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்தில் ஒரு கிராமத்தில், இளைஞர்களின் பெயரைக் கேட்டு ஆமி வந்த காலையில், பதிவேட்டைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டவர். அவருடைய நெற்றித் தழும்பைப் பார்த்து வளர்ந்தவள் நான்.'

பிள்ளை, கிணற்றில் பதிவேட்டைப் போட்டவன் நானில்லை. போட்டவரின் பெயர் குணரத்தினம். நான் அந்த இடத்தில் நின்றேன், அது உண்மை. அடுத்த ஊருக்கு அனுப்பப்பட்ட ஆளாக நின்றேன். நெற்றித் தழும்பு சைக்கிளில் போகும்போது ஒரு ஆடு குறுக்கே ஓடி, மதிலோடு மோதியதில் வந்தது.

இனி நடந்ததை நடந்த மாதிரியே சொல்கிறேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கிராம சேவகர் வேலை கிடைத்து மூன்று வருசம். சனங்கள் விதானை என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வயது, யார் பிறந்தது, யார் செத்தது எல்லாம் என் பதிவேட்டில் இருக்கும். என் கையெழுத்து அழகு என்று கந்தோரில் சொல்வார்கள், அதில் எனக்குப் பெரிய எடுப்பு. முதலில் அரசாங்கத்துக்காக அந்தப் பதிவேட்டை எழுதினேன். பிறகு ஆமி முகாமுக்குள் முடங்க, ஊரை ஆயுதம் ஏந்திய இயக்கம் ஆண்டது. வீட்டுக்கு எத்தனை பிள்ளைகள் என்று பார்க்க வேண்டும் என்று அவர்கள் வந்து கேட்டார்கள், கொடுத்தேன். பிறகு இயக்கம் பின்வாங்க, ஆமி திரும்பவும் வந்தது. நான் இருந்த கதிரையும் மேசையும் மாறவில்லை. எதிரே வந்து நின்று கேட்கிறவர்கள் மாத்திரம் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

குணரத்தினம் அண்ணை பக்கத்துக் கிராமத்து விதானை. என்னிலும் பத்து வயது மூப்பு. மெலிந்த மனுசன். கையெழுத்து கோழி கிண்டினது மாதிரி இருக்கும், அதைச் சொல்லி நாங்கள் பகிடி பண்ணுவோம். ஆமி வந்து இரண்டாம் கிழமை, கந்தோரில் கூட்டம் முடிந்து நானும் அவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தோம்.

"தம்பி, பெடியளின்ர பேரைக் கேட்டு வரப்போறாங்கள். என்ன செய்யப்போறீர்?" என்றார்.

"குடுக்கிறதுதானே அண்ணை. பதிவேடு அரசாங்கத்தின்ர. கேக்கிறதும் அரசாங்கம்."

"இயக்கம் வந்து கேக்கேக்கையும் உப்பிடித்தானே சொன்னீர்?"

"அப்ப அவைதானே ஆண்டவை."

"அப்ப விதானை வேலை பாக்கிறதெண்டால், இண்டைக்கு ஆர் ஆளுறதெண்டு காலமை எழும்பின உடன விசாரிச்சுப்போட்டுத்தான் வரோணும்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. "நீங்கள் குடுக்காமல் விட்டிடுவியளோ?" என்று கேட்டேன். "தெரியேல்லைத் தம்பி. எனக்கும் ஒரு பிள்ளை கிடக்கு. யோசிக்கோணும்" என்றார். நான் உனக்குச் சொன்ன கதையில் பயமே இல்லாத ஒரு மனுசன் வருவான். அவர் அப்படியில்லை. அவர் நல்லாகப் பயந்திருந்தார்.

அடுத்த நாள் காலை ஜீப் வந்தது. வந்த அதிகாரி என்னை அடிக்கவில்லை, துவக்கை நீட்டவில்லை, அதட்டவும் இல்லை. இதை நீ நம்ப வேண்டும், ஏனென்றால் எனக்கு ஒளிந்துகொள்ள அந்த இடமும் இல்லை. பதினைந்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட ஆண்களின் பெயர் வேண்டும் என்று ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டார். நான் கதிரையைத் துடைத்து அவரை இருக்கச் சொன்னேன். பதிவேட்டைத் தூக்கிக் கொடுத்திருந்தாலும் ஒரு மாதிரி. நான் வெள்ளைத் தாள் எடுத்து, கோடு கீறி, பெயர்களைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். அவர் கேட்காமலே வீட்டு இலக்கத்தையும் பக்கத்தில் எழுதினேன். பதினொரு பேர். தாளைப் பார்த்துவிட்டு, உன் கையெழுத்து நல்லாயிருக்கிறது என்றார். நான், "நன்றி சேர்" என்று சொன்னேன். இத்தனை வருசத்தில் நான் மறக்க முயன்று மறக்க முடியாமல் போன வார்த்தை அதுதான், பிள்ளை. பட்டியலைக் கொடுத்ததற்குப் பயம் காரணம் என்று சொல்லலாம். நன்றி சொன்னதற்கு என்ன காரணம் சொல்வது?

பக்கத்து ஊர் விதானையைத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். ஏறு என்றார். ஏறினேன். அந்த ஊரில் விதானையின் கந்தோர் சனசமூக நிலையத்தின் பின் அறை. ஜீப் சத்தம் கேட்டு ரோட்டில் ஒரு சனமும் இல்லை. குணரத்தினம் அண்ணை மேசையில் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். அதிகாரி என்னைப் பார்த்து, நீயே சொல் என்றார்.

"அண்ணை, நானும் குடுத்திட்டன். ஒண்டும் செய்ய மாட்டினமாம். விசாரிச்சுப்போட்டு விட்டிடுவினமாம். குடுங்கோ."

அப்படி அந்த அதிகாரி சொல்லவேயில்லை. அது என் வாயில் தானாக வந்தது. நான் செய்ததையே அவரும் செய்துவிட்டால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன் போல.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எத்தினை பேர் குடுத்தனீர்?"

"பதினொண்டு."

அவர் தலையை ஆட்டினார். பதிவேட்டை மூடி எடுத்துக்கொண்டு, புதுத் தாள் எடுத்து வருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பின்கதவால் போனார். அவசரமே இல்லாமல் போனார். தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டுத்தான் ஆமிக்காரர் ஓடினார்கள். அவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். எங்கே என்று அதிகாரி கேட்டபோது, கிணற்றுக்குள் விழுந்துவிட்டது சேர் என்றார். முகத்தில் துவக்குப் பிடியால் அடித்தார்கள். ஜீப்பில் நான் இருந்து வந்த இடத்தில் அவரை ஏற்றினார்கள். என்னைப் பார்த்து நீ நடந்து போ என்றார்கள். ஜீப் வெளிக்கிடும்போது அவர் வாயில் இரத்தத்தோடு, "தம்பி, வீட்ட போய்ச் சொல்லிவிடும்" என்றார்.

நான் சொல்லவில்லை. அவருடைய வீடு அங்கிருந்து ஐந்து நிமிட நடை. நான் அந்த ஒழுங்கையால் போகாமல், வயலுக்குள்ளால் இறங்கிச் சுற்றி நடந்தேன். கிணற்றைப் பற்றிச் சொன்னால், நீ அங்கே என்ன செய்தாய் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து சொல்லாமல் விட்டேன். மூன்றாம் நாள் அவருடைய மனைவி கமலா அக்கா நாலு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, அவரை ஏன் கொண்டுபோனவங்கள் எண்டு உங்களுக்கு ஏதும் தெரியுமோ?" என்று கேட்டார். "தெரியாது அக்கா" என்றேன். முகாமுக்கு ஒரு பெட்டிசம் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். கைது செய்யப்பட்ட காரணம் என்ற இடத்தில், 'காரணம் தெரியாது' என்று என்னுடைய அழகான கையெழுத்தில் எழுதினேன். குணரத்தினம் அண்ணை திரும்பி வரவேயில்லை. நான் எழுதிக் கொடுத்த பதினொரு பேரில் ஆறு பேர் ஒரு கிழமையில் வந்தார்கள், இரண்டு பேர் வருசங்கள் கழித்து வந்தார்கள், மூன்று பேர் வரவில்லை. அந்த மூன்று தாய்மாருக்கும் நான்தான் பெட்டிசம் எழுதினேன். ஒருவர் முருங்கைக்காய் கொண்டுவந்து தந்தார். வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டேன். அடுத்த வருசம் கொழும்புக்குப் போய், அங்கிருந்து மொன்றியலுக்கு வந்துவிட்டேன்.

உன்னிடம் இந்தக் கதை எப்படி மாறி வந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. உனக்குப் பதினொரு வயது. குடும்பத்தில் ஒருவரின் கதையை எழுதிக்கொண்டு வரும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். கோட்-டெ-நேஜ் வீட்டில், நிலத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, "அப்பா, சண்டை நேரம் நீங்க என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாய். நான் குணரத்தினம் அண்ணையின் கதையைச் சொல்ல வேண்டும் என்றுதான் தொடங்கினேன், சத்தியமாக. "ஒரு விதானை இருந்தவர்" என்றுதான் தொடங்கினேன். கிணறு வந்தவுடன் நீ துள்ளி எழும்பினாய். "அது நீங்கதானே? நீங்கதானே விதானை!" உன் கண்ணைப் பார்த்தேன். அன்று காலைதான் டோர்வலில் என்னில் பாதி வயதுப் பொறுப்பாளன் ஒருத்தன், எல்லாருக்கும் முன்னால், தட்டைச் சரியாக அடுக்கத் தெரியாதா என்று என்னைப் பார்த்துக் கத்தியிருந்தான். ஒரு ஆள் என்னை உன்னைப்போல மதிப்போடு பார்த்து எத்தனையோ வருசம் ஆகியிருந்தது. "அதெல்லாம் பழங்கதை, விடு" என்றேன். நீ கிட்ட வந்து நெற்றியைத் தொட்டு, "இது அவங்க அடிச்சதா?" என்று கேட்டாய். நான் உன் தலையைத் தடவினேன். ஓம் என்று நான் ஒருக்காலும் சொல்லவில்லை. இருபது வருசமாக இந்த ஒன்றைச் சொல்லித்தான் என்னை நானே சமாளித்துக்கொண்டு வந்தேன். பெற்றோர் கூட்டத்தில் உன் ஆசிரியை எழும்பி வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். நான் கையை இழுக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உனக்குப் பதினைந்து வயதில், சிநேகிதியின் கட்டுரையைப் பார்த்தெழுதி உன்னுடையது என்று கொடுத்துப் பிடிபட்டாய். நான் உன்னோடு ஒன்பது நாள் கதைக்கவில்லை. "அடுத்தவன் செய்ததை உன்ர பேரில குடுக்க உனக்கு வெக்கமாயில்லையோ?" என்று கேட்டேன். நீ அழுதுகொண்டு, "நீங்க அப்பிடிப்பட்ட ஆள், உங்களுக்கு விளங்காது" என்றாய். அம்மா இடையில் வந்து, போதும் விடுங்கோ என்றார். நான் விடவில்லை. அன்று நான் யாரை ஏசினேன் என்று இப்போது உனக்கு விளங்கும். அந்த ஒன்பது நாளுக்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றவற்றுக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமையில்லை, அது கேட்க வேண்டிய இடம் வேறு.

அந்த இடம் வெகு தூரத்தில் இல்லை. கமலா அக்காவை மகள் சுமதி பன்னிரண்டு வருசத்துக்கு முன் இங்கே கூப்பிட்டுவிட்டாள். அன்றைக்குக் கையில் பிடித்துக்கொண்டு வந்த அதே பிள்ளைதான். இல்-பிசார் தீவில் வீடு, சுமதிக்கு ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. கோயில் திருவிழாவில் கமலா அக்கா என்னைக் கண்டு ஓடி வந்து, "தம்பி விதானை!" என்று கையைப் பிடித்தார். பக்கத்தில் நின்ற அம்மாவிடம், "இவர்தான் எனக்குப் பெட்டிசம் எழுதித் தந்தவர், நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன்" என்றார். அதற்குப் பிறகு நான் அந்தக் கோயிலுக்குப் போகவில்லை. சனக்கூட்டம் எனக்குச் சரிவராது என்று உங்களிடம் சொன்னது பொய். இன்றைக்கும் அம்மா தனியாகத்தான் போயிருக்கிறார்.

உன் புத்தகம் மட்டும் வராவிட்டால் இப்படியே செத்திருப்பேன். கடைசி அதிகாரத்தில் ஒரு விசயம் எழுதியிருக்கிறாய். மஞ்சுக்காரரின் ஆட்சி நன்றாக வேரூன்றி நூறு வருசத்துக்கு மேல் கழிந்த பிறகு, அவர்களின் பேரரசர் ஒருவர், இரண்டு அரசுக்கும் பணிசெய்தவர்கள் என்று ஒரு பட்டியல் போட வைத்தார். வாசலைத் திறந்து விட்டவர்கள், பதிவேட்டை நீட்டியவர்கள், அடுத்த ஊருக்குப் போய்ப் புத்தி சொன்னவர்கள். அவர்களால்தான் அந்த ஆட்சியே வந்தது. அந்த ஆட்சியே அவர்கள் செய்தது வெட்கக்கேடு என்று எழுதி வைத்தது. நீ அவர்களுக்கு இரக்கம் காட்டியிருக்கிறாய். சிலர் பணிந்ததால் ஊர்கள் தப்பின, அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் நாலைந்து தரம் வாசித்தேன். அதற்குள் போய் இருந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. நான் ஊரைக் காப்பாற்றவில்லை, பிள்ளை. அவர்களில் ஒருவனும் தூரிகையை எறிந்தது நான்தான் என்று தன் மகளுக்குச் சொல்லியிருக்கவும் மாட்டான்.

சுமதி பிரெஞ்சு வாசிப்பாள். என்றைக்கோ ஒரு நாள் உன் புத்தகம் அவளின் கையில் போகும். அதற்கு முன் நான் போக வேண்டும் என்று வியாழக்கிழமை அவளுக்குப் போன் எடுத்தேன். நேற்றுக் காலை மெற்றோ எடுத்து, இரண்டு பஸ் மாறி, இல்-பிசாரில் இறங்கி நடந்தேன். அந்தத் தீவில் சனிக்கிழமையில் பஸ்ஸே இல்லை என்று சொல்லலாம். ஒன்றைத் தவறவிட்டு முக்கால் மணித்தியாலம் நின்றபோது, திரும்பிப் போய்விடுவோமா என்று இரண்டு தரம் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கத் தரிப்பிடத்தில் போய் நின்றேன். அங்கேயும் பஸ் வரவில்லை.

கமலா அக்கா வீட்டுக்குப் பின்னால், வெயில் படுகிற கண்ணாடி அறையில் இருந்தார். சுமதி தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனாள். நான் கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னேன். ஜீப்பையும், நான் ஏறியதையும், நான் சொன்ன வார்த்தைகளையும், கிணற்றையும். நான் முடித்த பிறகு கமலா அக்கா, "அவர் கடைசியா என்ன சொன்னவர்?" என்று கேட்டார்.

"வீட்ட போய்ச் சொல்லச் சொன்னவர், அக்கா."

அவர் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கதைத்தார். "நான் முப்பத்தஞ்சு வரியமா அந்த மனிசனைத் திட்டிக்கொண்டெல்லே இருந்தனான். எனக்குத் தெரியாமல் இயக்கத்தோட என்னவோ வைச்சிருந்தவர், எங்களை யோசிக்காமல் என்னவோ செய்து மாட்டுப்பட்டவர் எண்டு. சனமும் அப்பிடித்தான் சொன்னது. அவரின்ர படத்தைக் கூட நான் சாமியறையில வைக்கேல்லை, தம்பி."

அவர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "சுமதி, தேத்தண்ணியை விடு. இஞ்ச வா. கொப்பாவைப் பற்றி இவர் ஒண்டு சொல்லுறார்." பிறகு என்னைப் பார்த்து, "இவளுக்கும் சொல்லுங்கோ. முதலில இருந்து சொல்லுங்கோ. ஒண்டும் விடாமல்" என்றார்.

திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். இரண்டாம் தரம் சொல்வது முதலாவதை விடக் கடினம். 'நானும் குடுத்திட்டன்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். சுமதி, "சொல்லுங்கோ" என்றாள். அவள் தகப்பனை அறியாதவள். முடிந்த பிறகு அவள் கேட்டது ஒன்றுதான். "அம்மா உங்களிட்ட வந்து கேட்ட அண்டைக்கு நானும் வந்தனானோ?" ஓம் என்றேன். அவள் எழும்பிப் போய்க் குசினிக் கதவைச் சாத்தினாள். உள்ளே அழுவது கேட்டது.

உன் புத்தகத்தைப் பற்றியும் சொன்னேன். உன் முன்னுரையில் என்ன எழுதியிருக்கிறது, ஏன் அப்படி எழுதினாய் என்று எல்லாம் சொன்னேன். கமலா அக்கா என் பக்கம் திரும்பினார். "நான் உங்களை மன்னிச்சிட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு போகாதேங்கோ" என்றார். "நான் மன்னிக்கேல்லை. ஆனா உங்கட பிள்ளையை இஞ்ச வரச் சொல்லுங்கோ. அவரின்ர பேரை நான் சொல்லுறன், சரியா எழுதச் சொல்லுங்கோ. உங்கட பேரையும் எழுதட்டும். என்ன செய்தனீங்களோ அதோட எழுதட்டும்." வாசல்வரை ஒருவரும் வரவில்லை. நானே கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

பின்னேரம் வந்து அம்மாவிடம் சொன்னேன். கலியாணம் கட்டி முப்பத்துமூன்று வருசத்தில் இதுதான் முதல்தரம். அம்மா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். கேட்டு முடித்தவுடன் மடித்ததை எல்லாம் திரும்பவும் விரித்து, திரும்பவும் மடித்தார். பிறகு, "முதலில பிள்ளைக்குச் சொல்லுங்கோ. பேந்து என்னோட கதையுங்கோ" என்றார். இன்று காலை கோயிலுக்குப் போகும்போதும் சொல்லிக்கொள்ளாமல்தான் போனார்.

ஆகவே பிள்ளை, இரண்டாம் பக்கத்தை எடுத்துவிடு. செவ்வாய்க்கிழமைக்கு மேல் இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்று பதிப்பகத்தாரிடம் கேள், தருவார்கள். என் மானத்தை நினைத்து அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடாதே. நான் உனக்குப் புத்தி சொல்லத் தகுந்தவனில்லை, ஆனாலும் உன் தொழிலைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். நானூறு வருசத்துக்கு முந்தைய சாட்சியாக இருந்தாலும் சரி, குசினியில் இருந்து கதை சொல்கிற தகப்பனாக இருந்தாலும் சரி, ஒருவன் ஒரு கொடுமையை அவ்வளவு விபரமாகச் சொன்னால், அந்த நேரம் நீ எங்கே நின்றாய் என்று அவனிடம் கேள். பதினொரு வயதில் நீ அதைக் கேட்டிருக்க முடியாது. இப்போது கேட்கத் தெரிந்தவள்.

இதை நாளைக் காலை நானே கொண்டுவந்து உன் தபால் பெட்டியில் போடுகிறேன். சுமதியின் நம்பரைத் தனித் துண்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். உன்னை எனக்குத் தெரியும். வாசித்தவுடன் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு என்னிடம் ஓடி வருவாய். அந்த நேரத்தில் அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் அப்பா என்று சொல்வாய். வராதே, சொல்லவும் வேண்டாம். முதலில் இல்-பிசாருக்குப் போ. கமலா அக்கா காலமையில்தான் ஆறுதலாகக் கதைப்பார் என்று சுமதி போனில் சொன்னவள். அவர் சொல்வதை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வா. அதற்குப் பிறகும் என்னோடு கதைக்க வேண்டும் போல இருந்தால், போன் எடு. நான் வீட்டில்தான் இருப்பேன்.

அப்பா